சந்தனம் அப்புன டிஸ்க்குப் பொட்டி

தென்னையெல்லாம் வேரோட சாஞ்சு, ஊரே இருட்டுல கெடந்தமே, அந்தப் பெரும் பொயலு ஞாபகம் இருக்கா ஒங்களுக்கு? அது அடிச்ச மறு வருசந்தான் நான் வல்லத்திராக்கோட்டையில இருந்து டவுனுக்கு வந்து எங்க அக்கா மகன் ஸ்டுடியோவுல ஒக்காந்தது. அதுக்குப் பின்னால, எல்லாரும் மூக்குல துணியக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சு, கல்யாண மண்டபமெல்லாம் பூட்டிக் கெடந்து, மறுபடி தெறந்தாகள்ல, அப்பத்தான் இந்தப் பொட்டி வந்துச்சு. எனக்குத் தேதியெல்லாம் தெரியாதுங்க. பள்ளிக்கூடத்துப் பக்கம் மாடு புடிக்கப் போனதோட சரி. அது நடந்தப்ப இது, இது நடந்தப்ப அதுன்னு கோத்து வச்சிருக்கேன், அவ்வளவுதான்.

கடையில எனக்கு என்னா வேலை? சட்டரத் தூக்கணும், கூட்டணும், டீ வாங்கியாரணும். ஆல்பம் கேட்டு வர்றவுகளுக்கு, "இந்தா வந்துக்கிட்டே இருக்கு"ன்னு பதில் சொல்லணும். அந்தக் கடைசி வேலை இருக்கு பாருங்க, அதுல நாக்கு அழுகிப் போகும். கல்யாணம் முடிஞ்சு, புள்ள பொறந்து, மொட்டைக்குப் படம் புடிக்கச் சொல்ல வர்றாக, அதுவரைக்கும் கல்யாண ஆல்பம் கைக்கு வந்திருக்காது. எங்க மாப்ளை, அதான் அக்கா மகன், கடைக்காரன், அவன் சிரிச்சுக்கிட்டே பேசுவான். அந்தச் சிரிப்பைப் பாத்தா எனக்குக் கொமட்டும்.

அந்தப் பொட்டியைச் சொல்லணும். முன்னெல்லாம் கேசட்டு. பொறவு சீடி. பொறவு ஒத்தை ஒத்தை டிஸ்க்கா செருப்பு டப்பாவுல போட்டு வச்சிருந்தான். அப்பறம் சிங்கப்பூர்ல இருக்கிற அவன் மச்சினன் இதைக் கொண்டாந்து குடுத்தான். கறுப்பாப் பொட்டி, முன்னால நாலு கதவு, ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலயும் செங்கல் கணக்கா கனமா ஒரு டிஸ்க்கு. பின்னால சின்னதா ஒரு பேனு. கம்ப்யூட்டருக்கும் அதுக்கும் ஒரே ஒரு வயரு. நாலு கதவுலயும் பச்சை லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரியும்.

கடையில எடிட்டிங் பாக்குற பொண்ணு ஒண்ணு, கொடும்பாளூர்ல இருந்து பஸ்ல வரும், கல்யாணமாகி ரெண்டு புள்ளைக. அதுதான் எனக்கு வெளங்கச் சொல்லுச்சு. "ஐயா, நாலும் சேந்துதான் ஒண்ணு. ஒரு படத்தை வெட்டித் துண்டு துண்டா நாலுலயும் பிரிச்சு வச்சுக்கும். ஒரு டிஸ்க்கு செத்தா மத்த மூணும் சேந்து அதுல என்னா இருந்துச்சுன்னு சொல்லிரும். ரெண்டு செத்தா எல்லாமே போச்சு."

இதுல பாதியைத்தான் எங்க மாப்ளை காதுல வாங்கினான். "ஒண்ணு செத்தாலும் நிக்கும் மாமா, இனிமே கவலையே இல்லை"ன்னுட்டு, செருப்பு டப்பாவுல இருந்த பழைய டிஸ்க்கையெல்லாம் அழிச்சு வித்துட்டான். கண்ணாலம், காதுகுத்து, சடங்கு, குலசாமிக்குக் கெடா வெட்டுனது எல்லாம் அந்த ஒத்தப் பொட்டிக்குள்ள.

அதை எங்க வச்சான் தெரியுமா? மேசைக்கு அடியில, கக்கூசுச் சொவத்தை ஒட்டி. பக்கத்துலயே குப்பை டப்பா. கேமராக்காரப் பயலுக பரோட்டா தின்னுட்டு சால்னாப் பையை அதுல வீசுவானுக, பாதி உள்ள விழும், பாதி பொட்டி மேல ஒழுகும். பின்னால இருக்கிற பேனு காத்தை இழுக்குதுல்ல, முடி, தூசி, பஞ்சு, எல்லாத்தையும் இழுத்து அப்பிக்கிட்டு, எலி வளையில அடைச்ச மாதிரி இருக்கும். அந்தப் பொண்ணு சொல்லிப் பாத்துச்சு. "அண்ணே, மேல தூக்கி வைங்கண்ணே. மாசத்துக்கு ஒருக்க ஊதி விடணும். இன்னொரு எடத்துலயும் ஒரு நகல் இருக்கணும்." அவன், "இந்த முகூர்த்தம் முடியட்டும்"பான். முகூர்த்தம் எப்ப முடியும்? இந்த ஊர்ல அது முடியவே முடியாது.

போன ஆடி மாசம் ஒரு அம்மா வந்துச்சு. கட்டுமாவடிக்காரி. கருவாட்டு யாவாரம். ரெண்டு பக்கமும் மூக்குத்தி, கையில மஞ்சப் பை. வாசப்படியில செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு வந்துச்சு, என்னமோ கோயிலுக்குள்ள வர்ற மாதிரி. எங்க மாப்ளை பட்டுன்னு எந்திரிச்சு ஊதுபத்தி கொளுத்துறான். அந்தம்மா மூஞ்சிக்கு நேராவே. கருவாட்டு வாடையாம். ஏண்டா, கக்கூசு நாத்தத்துல வருசமெல்லாம் ஒக்காந்திருக்கே, அது ஒனக்குத் தெரியலை, ஒழைச்சுட்டு வந்த பொம்பளை மேல வர்ற வாடை மட்டும் ஒனக்கு ஒட்டிக்கிருச்சோ? மனசுக்குள்ள சொல்லலைங்க, வாய் விட்டே சொன்னேன். "சும்மா இருங்க மாமா"ன்னான்.

பைக்குள்ள ஒரு கேசட்டு. மேலெல்லாம் வெள்ளையாப் பூசணம், கெட்டுப்போன ஊறுகா மேல படிஞ்ச மாதிரி. அந்தம்மாவோட கல்யாணக் கேசட்டு அது. அதுல அதோட அண்ணன் இருக்காராம். அந்தக் கல்யாணம் முடிஞ்ச கொஞ்ச நாள்ல கடலுக்குப் போனவரு. போட்டும் வரலை, ஆளும் வரலை. அப்ப அவுக சம்சாரம் வயித்துல புள்ளை. அந்தப் புள்ளைக்கு இப்ப வர்ற தையில கல்யாணம்.

"போட்டோவுல பாத்துருக்கா சார், நடந்து பாத்ததில்லை"ன்னுச்சு அந்தம்மா. "'எங்கப்பா எப்படி நடப்பாரு அத்தே'ன்னு கேக்குறா. நான் நடந்து காமிச்சேன். 'நீ பொம்பளை மாதிரி நடக்குறே'ன்னு சிரிக்கிறா. பொம்பளை பின்ன எப்படி நடப்பேன்? கல்யாணத்துக்குள்ள அவளுக்குக் காமிச்சுப்புடணும் சார்."

எடிட்டிங் பொண்ணு சிரிச்சுக்கிட்டே கேசட்டை வாங்குச்சு. அதைக் கழட்டி, பஞ்சை மருந்துல நனைச்சு, பூசணத்தைத் தொடைச்சுத் தொடைச்சு, பரண்ல கெடந்த, கேசட்டு ஓட்டுற பழைய டெக்கைத் தூக்கியாந்து ஓட விட்டு, கம்ப்யூட்டர்ல ஏத்தி, பொட்டிக்குள்ள போட்டு வச்சுச்சு. நான் பாக்கலை, டீ வாங்கப் போயிருந்தேன். "நல்லா வந்திருக்கு ஐயா, சாம்பார் வாளி தூக்கிட்டு வர்றாரு"ன்னு சொல்லுச்சு. அன்னைக்கே ஒரு பென்டிரைவுல போட்டுக் குடுத்திருந்தா முடிஞ்சு போன கதை. எங்க மாப்ளை விடலை. பூ விழுகணுமாம், பேரு சுத்திச் சுத்தி வரணுமாம், பாட்டு வேணுமாம். "ஆயுத பூசை கழிச்சு வாங்கக்கா"ன்னுட்டான். அந்தம்மா போன பின்னாடி, பூசணம் கேமராவுக்கெல்லாம் பரவும்னு சொல்லி, கேசட்டைச் சாக்கடையில வீசிப்புட்டான்.

அதுக்கப்பறம் ஒரு நா அந்தப் பொட்டி கத்த ஆரம்பிச்சுச்சு. கீ... கீ... ன்னு விடாமக் கத்துது. நாலு லைட்டுல ஒண்ணு செவப்பாயிருச்சு.

"அண்ணே, ஒண்ணு போச்சு. புதுசு ஒண்ணு வாங்கி அந்த எடத்துல சொருகுனா அதுவே சரி பண்ணிக்கும். இப்பவே பண்ணணும்ணே. இன்னொண்ணு போனா அவ்வளவுதான்."

"ஆவணி முகூர்த்தம் முடியட்டும்."

"கத்துதேண்ணே!"

"அதுக்கு ஒரு பட்டன் இருக்கு"ன்னுட்டுப் பின்னால கையை விட்டு அமுக்குனான். சத்தம் நின்னு போச்சு. செவப்பு லைட்டு கண்ணை உறுத்துதுன்னு அது மேல கறுப்பு டேப்பை ஒட்டுனான்.

எங்க பங்காளி ஒருத்தன் இருந்தான். அவன் மாட்டுக் கொளம்புல புண்ணு, புண்ணுல புழு நெளியுது. வேப்பெண்ணெ ஊத்தணும், இல்லைன்னா டாக்டருட்டக் காட்டணும். இவன் என்னா பண்ணான், கொளத்துச் சேத்தை எடுத்து அப்பி மறைச்சு, சந்தைக்கு ஓட்டிட்டுப் போனான். அந்த மாடு நடக்குறப்ப சேத்துக்குள்ள இருந்து புழு ஒண்ணொண்ணா ரோட்டுல விழுந்துச்சு. நான் பின்னாலயே போனேன், அன்னைக்குச் சோறு எறங்கலை எனக்கு. எங்க மாப்ளை டேப்பு ஒட்டுனப்ப எனக்கு அந்த மாட்டுக் காலுதான் ஞாபகம் வந்துச்சு.

ஆயுத பூசை வந்துச்சு. எடிட்டிங் பொண்ணு லீவு போட்டுட்டு வரலை. கடையில அவனும் ரெண்டு கேமராக்காரப் பயலுகளும் நானும். கேமரா, ஸ்டாண்டு, லைட்டு, பறக்குற கேமரா, எல்லாத்தையும் தொடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, எலை போட்டு அடுக்குறாக. வழக்கந்தான், நல்லதுதான். நான் ஏர்க் கலப்பைக்கு வச்சிருக்கேன், மம்பட்டிக்கு வச்சிருக்கேன். பொட்டி மேலயும் ஒரு பொட்டு வச்சாச்சு. அதோட விட்டிருக்கலாம்ல? எங்க மாப்ளைக்குத் திடீர்னு பக்தி பொங்கிருச்சு.

"மேல வச்சா போதுமாடா? நமக்குச் சோறு போடுறது உள்ள இருக்கிறதுல்ல? அதுக்குப் பொட்டு வைக்காம டப்பாவுக்கு வச்சா சாமி சிரிக்கும்"ன்னான்.

"எனக்குத் தெரிஞ்சு மாட்டுக்குப் பொட்டு வைப்பாக, மாட்டுக் கொடலை எடுத்து வெளிய வச்சுப் பொட்டு வைக்க மாட்டாக மாப்ளே"ன்னேன்.

பயலுக சிரிச்சானுக. அவன் மொறைச்சுக்கிட்டே சொவத்துல இருந்த சுச்சை டப்புன்னு அமத்தி, நாலு கதவையும் தெறந்து நாலு டிஸ்க்கையும் உருவினான். ஈரத்துணியால ஒரு தொடை. கொழகொழன்னு சந்தனத்தைக் கொழைச்சு, அள்ளி, ஒவ்வொண்ணு மேலயும் நெத்தியில அப்புற மாதிரி அப்பி, நடுவுல குங்குமம். பொரி, அவல், சுண்டல், கொய்யாப்பழம், அது நடுவுல நாலும் படுத்திருக்கு. சூடம் காட்டுனாக. செல்லுல படம் புடிச்சு எல்லாருக்கும் அனுப்புனாக.

பூசையில வச்ச ஆயுதத்தை அன்னைக்கு எடுக்கப்படாதுல்ல, மறுநாத்தான் எடுக்கணும். ஆக, சட்டரை மூடிட்டுப் போயிட்டோம். காலையில வந்து தெறக்குறேன். சீ! எலை பூராக் கரப்பான். பொரியைத் தின்னுட்டு டிஸ்க்கு மேல ஏறி எறங்கிச் சந்தனத்தையும் நக்கிக்கிட்டு இருக்கு. எலிப் புழுக்கை வேற, சுண்டல்ல கலந்து எது சுண்டல் எது புழுக்கைன்னு தெரியலை. சந்தனத்துல எறும்பு ஒட்டிச் செத்துக் கெடக்கு. எங்க மாப்ளை வந்தான், கரப்பானைத் தட்டி விட்டான், வேட்டி நுனியில ஒரு தொடை தொடைச்சான், கைக்கு வந்தபடி நாலையும் நாலு கதவுக்குள்ள சொருகுனான். சுச்சைப் போட்டான்.

லைட்டு எதுவும் வரலை. பின்னால இருந்து ஒரு வாடை வந்துச்சு பாருங்க. மசுரு பொசுங்குறதும் மீனு அழுகுறதும் சேந்தாப்புல.

எடிட்டிங் பொண்ணு மத்தியானம் வந்துச்சு. பொட்டியைத் தெறந்து டிஸ்க்குல மஞ்சளா காஞ்சு கெடக்குறதைத் தொட்டுப் பாத்துச்சு.

"யாருண்ணே கழட்டுனது?"

"பூசைக்கும்மா."

"எது எந்தக் கதவுல இருந்துச்சு?"

இவன் பயலுகளைப் பாக்குறான். பயலுக என்னையப் பாக்குறானுக.

"அதான் செல்லுல படம் புடிச்சோம்ல"ன்னு ஒருத்தன் எடுத்துக் காட்டுனான். படத்துல நாலு டிஸ்க்கும் மாப்ளையும் பளபளன்னு இருக்காக. ஆனா எது எதுன்னு அடையாளம் சொல்ற நம்பரு இருக்குல்ல, சரியா அது மேலதான் சந்தனம். டிஸ்க்குல பொடி ஓட்டை ஒண்ணு இருக்கு, மூச்சு விடுற ஓட்டையாம், அதை அடைக்கக் கூடாதுன்னு பக்கத்துலயே எழுதியிருக்காம். அதுலயும் ஒரு உருண்டை.

அந்தப் பொண்ணு வாயில துணியைக் கட்டிக்கிட்டு ஸ்குரூவைக் கழட்டுச்சு. மூடியைத் தூக்குனதுதான் தாமதம், கரப்பான் நாலாப் பக்கமும் ஓடுது. பேனுல தூசி கம்பளி மாதிரி. கரண்டு வர்ற பலகை மேல ஒரு பல்லி, கருகி, தோலு பிஞ்சு ஒட்டிக்கிட்டு, அடியில மஞ்சளா ஒரு தண்ணி. மூலையில பல்லி முட்டை. நான் வெளிய ஓடிப் போயி சாக்கடையில வாந்தி எடுத்தேன். அந்தப் பொண்ணு எடுக்கலைங்க. ஒரு ஐஸ் குச்சியால சொரண்டிச் சொரண்டி எடுத்துப் போட்டுச்சு. பிரஷ்ஷால கூட்டுச்சு, ஊதுச்சு. பலகை போனது போனதுதான்னு சொல்லி, இதே மாதிரிப் பழைய பொட்டி ஒண்ணை இன்னொரு ஸ்டுடியோவுல இரவல் வாங்கியாந்துச்சு. டிஸ்க்கு மேல இருந்த சந்தனத்தைச் சொரண்டி, சொருகுற வாயில இருந்த குங்குமத்தைப் பஞ்சால எடுத்துச்சு. செத்துப்போன டிஸ்க்கு எதுன்னு காதுல வச்சே கண்டுபுடிச்சுச்சு, அது டொக்கு டொக்குங்குது. மத்த மூணும் ஓடுச்சு. ஆனா எடம் மாறிக் கெடக்கு. அதனால கம்ப்யூட்டரு, இந்தப் பொட்டி எனக்குப் புரியலை, உள்ள இருக்கிறதைக் கழுவிட்டுப் புதுசா எடுத்துக்கவான்னு கேட்டுக்கிட்டு நிக்குது.

"யாரும் எதையும் தொடாதீக. இதைத் திருச்சிக்குக் கொண்டு போகணும். நான் கையைக் கழுவிட்டு வாரேன்"னு அந்தப் பொண்ணு உள்ள போச்சு.

பல்லியைத் தொட்ட கையி, கழுவாம இருக்க முடியுமா? அது சோப்பு போட்டுத் தேச்சுட்டு வர்றதுக்குள்ள இவன் 'ஆமா'ன்னு அமுக்கிட்டான்.

"என்னாண்ணே பண்ணுனீக!"ன்னு அது போட்ட சத்தத்துல தெருவே எட்டிப் பாத்துச்சு. ஓடிப் போயி வயரைப் புடுங்குச்சு.

"புதுசாக்கவான்னு கேட்டுச்சு. புதுசா இருந்தா நல்லதுதானேன்னு..." இவன் இழுக்குறான். சிரிப்பு மட்டும் போகலை அந்த மூஞ்சியில.

திருச்சிக்குக் கொண்டு போனாக. அங்க ஒருத்தர் மூணு டிஸ்க்கையும் தனித்தனியா நகல் எடுத்து, நகலை எடம் மாத்தி மாத்தி வச்சுப் பாத்து, என்னா கெடைக்குதோ எடுத்துத் தாரேன், நாளாகும்னு சொன்னாராம்.

அந்த எடையில கட்டுமாவடி அம்மா வந்துட்டுப் போயிருக்கு. நான் டீ டம்ளரோட வர்றேன், அது படி எறங்குது. செருப்பைக்கூட மாட்டலை, கையில புடிச்சிருக்கு.

"என்னாத்தா?"ன்னேன்.

"எங்கண்ணன் அந்தப் படத்துலயே இல்லையாம்யா. பூசணம் எல்லாத்தையும் தின்னுருச்சாம்"னுட்டு நிக்காமப் போயிருச்சு.

எனக்கு வெளங்கலை. உள்ள போனா எடிட்டிங் பொண்ணு அழுதுக்கிட்டு இருக்கு. அதுதான் சொல்லுச்சு, கேசட்டு வெறுங்கேசட்டுன்னு இவன் துணிஞ்சு சொல்லிட்டானாம். கேசட்டையாச்சும் குடுங்கன்னு கேட்டதுக்கு, மருந்துல கரைஞ்சு போச்சுன்னானாம்.

"ஏண்டா, பொட்டி கெட்டுப் போச்சு, திருச்சியில இருக்குன்னு சொன்னா ஒன் தலையா போயிரும்?"னு கேட்டேன்.

"மாமா, பொட்டி போச்சுன்னு வெளிய தெரிஞ்சா இருக்கிற கல்யாணக்காரவுக பூராம் வந்து வாசல்ல நிப்பாக. அந்தக் கருவாட்டுக்காரி ஒருத்திக்காக நான் கடையை மூடவா?"

தூன்னு துப்பணும் போல இருந்துச்சு. கடைக்குள்ள துப்பலை, நான் கூட்டுன எடம்.

கார்த்திகை கடைசியில திருச்சியில இருந்து வந்துச்சு. பாதிதான் வந்துச்சு. நெறைய கல்யாணம் அழிஞ்சு போச்சு. அந்தப் பொண்ணு மொதல்ல தேடுனது கட்டுமாவடிப் படத்தைத்தான். என்னையும் பக்கத்துல ஒக்கார வச்சுச்சு. ஆரம்பத்துல ஒண்ணும் தெரியலை, பச்சையும் ஊதாவுமாக் கட்டம் கட்டமா ஓடுது. சத்தம் இல்லை. அப்பறம் பந்தி தெரிஞ்சுச்சு. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, சாம்பார் வாளியோட ஒரு ஆளு. ஒல்லி. ஆடுற போட்டுல நிக்கிறவுக தரையில நடந்தாலும் காலை அகட்டித்தான் வைப்பாக, அப்படி அகட்டி அகட்டி, வாளி ஒரு பக்கம் இழுக்க, தோளு ஒரு பக்கம் ஒசர, பந்தி இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்குப் போறாரு. லைட்டு கண்ணுல அடிக்குதுன்னு கரண்டியை ஆட்டி, அங்கிட்டுத் திருப்புங்கிறாரு. சிரிக்கிறாரு. மறுபடி கட்டம் கட்டமாயிருச்சு. அவ்வளவுதான் வந்தது. ஆனா நடை முழுசா இருக்கு.

மாப்ளைட்டப் போயி அந்தம்மா நம்பரைக் கேட்டோம்.

"இல்லைன்னு சொன்னது இல்லைன்னே இருக்கட்டும் மாமா. இப்ப இருக்குன்னா என்னையப் பொய்யன்பா."

"நீ பொய்யந்தானேடா?"

நம்பரை எங்க கண்ணு முன்னாலயே செல்லுல இருந்து அழிச்சான், சிரிச்சுக்கிட்டே. அன்னைக்குச் சாவியை மேசையில வச்சுட்டு ஊருக்கு வந்துட்டேன். இப்பக் கேட்டா, புதுசா ஒரு பொட்டி வாங்கியிருக்கானாம், அதையும் மேசைக்கு அடியிலதான் வச்சிருக்கானாம். எங்க அக்கா வந்து, 'தாய்மாமன் நீ கோவிச்சுக்கலாமா'ங்குது. கோவமில்லை ஆத்தா, அருவருப்பு. கோவம்னா ரெண்டு நாள்ல ஆறிப் போகும்.

எடிட்டிங் பொண்ணு அந்தப் படத்தை ஒரு பென்டிரைவுல போட்டு ஏங்கிட்டக் குடுத்துச்சு. அது செல்லுலயும் ஒண்ணு வச்சிருக்கு. இனிமே எதையும் ஒத்தை எடத்துல வைக்கக் கூடாது ஐயான்னுச்சு. நான் அறந்தாங்கி போயி பஸ் மாறிக் கட்டுமாவடிக்கு ஒருக்கப் போயிட்டு வந்தேன். மீனு ஏலம் விடுற எடத்துல நின்னு கேட்டேன். பேரு என்னான்னாக, தெரியலைன்னேன். கடல்ல அண்ணனைக் குடுத்த தங்கச்சின்னேன். "பெரியவரே, இங்க அப்படி எத்தனை பேரைக் காட்டணும்?"னு கேட்டாக. முட்டிவலி, மறுபடி போக முடியலை.

தை பொறக்கப் போகுதுங்க. நீங்க அங்கிட்டு இங்கிட்டுப் போற ஆளு. கட்டுமாவடிப் பக்கம், மணமேல்குடிப் பக்கம், எங்க கருவாட்டுக் கடை இருந்தாலும் சொல்லி வைங்க. ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட அம்மா, அண்ணன் மகளுக்குத் தையில கல்யாணம் வச்சிருக்கிற அம்மா. கேசட்டு வெறுங்கேசட்டு இல்லை, ஸ்டுடியோக்காரன் சொன்னது பொய்யி, அவுக அண்ணன் அதுல நடக்குறாரு, வல்லத்திராக்கோட்டையில ஸ்டுடியோக் கெழவன்னு கேட்டா வீட்டைக் காட்டுவாகன்னு சொல்லுங்க. ஒங்களால போக முடியலைன்னா, போறவுக யாருகிட்டயாச்சும் சொல்லி விடுங்க.